நாய்ப் பையில் ஒரு கழுதைப்புலி

பல்லைக் காட்டிப் பிழைத்தவர்களைத் திருப்பூரில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானே சில வருடங்கள் அப்படிப் பிழைத்தவன்தான். ஆனால் அடுத்தவர் பல்லைப் பார்த்தே உலகத்தை அளந்து முடித்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்ததோடு சரி. ஊருக்கெல்லாம் அவர் பல்லு மாஸ்டர். பாலூட்டிகளில் அவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்றால், அது இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம்.

இதை எழுதும்போதுகூட எனக்கு வயிறு எரிகிறது. ஏனென்றால் அந்தக் கம்பெனியில் விலங்கியல் படித்தவன் நான். பி.எஸ்ஸி., இரண்டாம் வகுப்பு. சட்டம் போட்ட பட்டம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. மாஸ்டர் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவர். ஆனால் மிருகம் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் முதலாளியில் இருந்து வாட்ச்மேன் வரை எல்லாத் தலைகளும் கட்டிங் டேபிள் பக்கம்தான் திரும்பும். நான் தொண்டையைச் செருமிப் பார்ப்பேன். யாரோ ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் எங்களுக்குப் பாலூட்டிகள் பாடம் கடைசிப் பாடம். பரீட்சையில் அதற்குப் பதிலாகப் பறவைகளை எழுதலாம் என்று வாய்ப்பு இருந்தது. நான் பறவைகளை எழுதினேன். இந்த ரகசியம் எனக்கும் என் விடைத்தாளைத் திருத்தியவருக்கும் மட்டும்தான் தெரியும்.

மாஸ்டருக்குப் பல் பைத்தியம் பிடித்தது அப்பா மூலமாக. அவர் காங்கேயம் பக்கம் மாட்டுத் தரகர். காளையின் உதட்டைத் தூக்கி, ரெண்டு பல்லு, நாலு பல்லு என்று பார்த்து வயதைச் சொல்லிவிடுவாராம். அப்பா மாட்டோடு நின்றுகொண்டார். மகன் நிற்கவில்லை.

“மாட்டுக்கு மேல் வரிசையில முன்பல்லே இல்லீங்க சார். ஆட்டைப் பாத்தன், அதுக்கும் இல்லை. எருமைக்கும் இல்லை. சரி, இவங்கெல்லாம் ஒட்டுக்கா அண்ணந்தம்பிங்கன்னு பத்து வயசுல முடிவு பண்ணிட்டனுங்க. குதிரை வாயைத் தொறந்தா மேலயும் இருக்குது, கீழயும் இருக்குது. அவன் வேற ஊட்டுக்காரன்” என்பார்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகமே கதி. கலைக்களஞ்சியத்தில் பாலூட்டிகள் வரும் தொகுதியை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்து அதன் முதுகு பிய்ந்தது. அவரே காடாத் துணி வெட்டி ஒட்டிக்கொடுத்தார். ஊருக்கு சர்க்கஸ் வந்தால் முதல் நாளே கூண்டுப் பக்கம் போய் நிற்பார். ஒரு தடவை சிங்கத்தின் வாயைத் திறந்து காட்டச் சொன்னதற்கு, கூண்டுக்காரன் இவரைப் பைத்தியம் என்று விரட்டிவிட்டான். மறுநாள் புத்தம் புதுக் கைவைத்த பனியன் ஆறு உருப்படியோடு போனார். சிங்கம் வாயைத் திறந்தது.

நான் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே எனக்கும் அவருக்கும் உரசல் ஆரம்பித்துவிட்டது. துணி குடோனில் எலி புகுந்து ரோல் ரோலாகக் கடித்து வைத்திருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“நீங்கதானுங்களே மிருகத்தப் படிச்சவரு? நீங்களே இதுக்கு ஒரு வழி பண்ணுங்க.”

என் பட்டத்துக்கு வந்த முதல் மரியாதை அது. ஆறு எலிக்கூண்டு வாங்கி, தேங்காய்ச் சில்லைச் சுட்டு, நானே மூலை மூலையாக வைத்தேன். காலையில் ஐந்து கூண்டு நிறைந்திருந்தது. முதலாளியைக் கூட்டிவந்து, “அஞ்சு எலிங்க சார்” என்று காட்டினேன். மாஸ்டர் கையில் பெரிய கத்தரியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“நாலு எலிங்க.”

“அஞ்சு இருக்கு மாஸ்டர். எண்ணிப் பாருங்க” என்றேன்.

“அஞ்சாவது மூஞ்சூறுங்க சார். அது எலிச் சொந்தமே இல்லைங்களே.”

எனக்குச் சிரிப்பு வந்தது. நடுங்கிக்கொண்டிருந்த அதன் கூண்டை மாஸ்டர் லேசாகத் தட்டினார். அது கீச்சென்று வாயைத் திறந்தது.

“பாருங்க, எல்லாமே ஊசிப் பல்லு. பூச்சி திங்கறது. கரப்பானைப் புடிச்சுத் திங்கும். எலிக்கு முன்னால உளியாட்டம் பல்லு. அது நிக்காம வளந்துட்டே இருக்குமுங்க. எதையாச்சும் கடிச்சுத் தேய்க்கலீன்னா வாயை மூட முடியாது. அதுக்குத்தான் நம்ம துணியக் கடிக்குது, பசிக்கு இல்லீங்க. இந்த மூஞ்சூறு பனியனைத் தொடவே தொடாது. இவனை நாம வேலைக்கு வெச்சுக்கோணுமுங்க.”

முதலாளி மூஞ்சூறின் வாயைப் பார்த்தார். எலியின் வாயைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். பிறகு தன் கையாலேயே மூஞ்சூறை குடோனுக்குள் விட்டார். அன்று அந்தக் கம்பெனியில் நிரந்தர வேலை கிடைத்தது மூஞ்சூறுக்கு. நான் இன்னும் பயிற்சியில் இருந்தேன்.

அது முதல் எங்கே போனாலும் முதலாளி வண்டியில் மாஸ்டருக்கு ஒரு இடம் உண்டு. புதுக் கட்டடத்துக்குப் பிள்ளையார் சிலை செய்யச் சொல்லத் திருமுருகன்பூண்டிக்குப் போனபோதும் கூட்டிப்போனார். நானும் போனேன், பின்சீட்டில் தேங்காய் மூட்டைக்குப் பக்கத்தில். பட்டறையில் சிற்பி பிள்ளையார் காலடியில் வாகனத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார். மாஸ்டர் குந்தி உட்கார்ந்து அதன் வாயை உற்றுப் பார்த்தார்.

“ஏனுங்க, இது எலிங்களா, மூஞ்சூறுங்களா?”

“வாகனமுங்க” என்றார் சிற்பி.

“வாகனம் சரிங்க. என்ன குடும்பம்?”

“பிள்ளையார் குடும்பம்.”

மாஸ்டர் வாயடைத்துப் போய் நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தில் அந்தச் சிற்பிக்கு மாலை போட்டிருப்பேன். ஆனால் மாஸ்டர் எழுந்து நடந்து ஒரு யாளிச் சிலைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“தும்பிக்கை இருக்குது. அப்ப இது தழை திங்கோணும். வாயில இத்தாப்பெரிய கோரப்பல்லு. அப்ப கறி திங்கோணும். ரெண்டும் எப்படிங்க ஒரு வயித்துல செரிக்கும்?”

“அது கல்லுங்க. ஒண்ணும் திங்காது” என்றார் சிற்பி.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீ வந்தது. சிற்பி மாஸ்டர் தோளில் கை போட்டுக்கொண்டு பட்டறையைச் சுற்றிக் காட்டினார். சிலை வந்து இறங்கியபோது வாகனத்துக்கு நீளமான மூக்கும், உதட்டுக்குள் ஊசி ஊசியாகப் பல்லும் இருந்தன. அதைப் பார்த்துக் கம்பெனியே பூரித்தது. நான் மட்டும் தேங்காய் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவர் கம்பெனி ஆட்களைக் குடும்பம் பிரிக்க ஆரம்பித்தபோதுதான் எனக்குத் தூக்கம் போயிற்று.

மனிதர்கள் எல்லோரும் குரங்குக்குச் சொந்தம் என்பது புத்தகக் கணக்கு, குணத்துக்கு வேறு கணக்கு என்பார். நைட் ஷிப்டில் நிட்டிங் ஓட்டியவருக்கு வௌவால் குடும்பம். “பறக்கறதுனால பறவை ஆயிருமுங்களா? குட்டி போட்டுப் பால் குடுக்குதுல்ல? பகல்ல தூங்கறான், ராத்திரி சம்பாதிச்சுப் புள்ளைங்களுக்குக் குடுக்கறான். உத்தமமான குடும்பம்.” காதர்பேட்டையில் இருந்து வரும் ஏஜென்டுக்குக் கன்னத்தில் பை உள்ள குரங்கு. கொடுத்ததை எல்லாம் வாயில் அடக்கிக்கொண்டு, விழுங்காமல் அடுத்ததற்குக் கை நீட்டுவாராம். முதலாளி வீடு யானைக் குடும்பம். “யானைக் கூட்டத்துல கெழவிதான் முன்னால நடக்குமுங்க. ஆம்பளை யானை சும்மா தந்தத்தைக் காட்டும்” என்றார். முதலாளியின் அம்மா இதைக் கேள்விப்பட்டு மாஸ்டருக்கு ஒரு படி தட்டைமுறுக்கு கொடுத்தனுப்பினார். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்ட செல்வி அக்காவுக்கு நீர்நாய்க் குடும்பம். தண்ணீரும் தெரியும், தரையும் தெரியும், எதைக் கொடுத்தாலும் கையாலேயே உடைத்துவிடும். திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து பஞ்சம் பிழைக்க வந்த அக்கா அது. “நாயின்னு பேரு வச்சாலும் நாயி இல்லையாம்லா சார்” என்று என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னது.

இந்தக் குடும்பப் பட்டியலை மாஸ்டர் ஒரு பழைய பேட்டர்ன் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். பனியன் முதுகு வெட்டும் அட்டை. அதில் பெயர் ஏறுவது ஒரு கௌரவமாகவே ஆகிவிட்டது. வாட்ச்மேனுக்குக்கூடப் பூனைக் குடும்பம் கிடைத்துவிட்டது. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் தூங்குவதால். எனக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

ஒரு நாள் யாருமில்லாத நேரமாகப் பார்த்து, போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டேன்.

“நான் என்ன குடும்பம் மாஸ்டர்?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

“உங்களுது இன்னும் புடிபடலீங்க சார்.”

ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்டேன். அதே பதில். வாட்ச்மேன் தூங்கும் அழகைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே பட்டதாரி நானாகத்தான் இருப்பேன்.

அவரிடம் எனக்கு இன்னொரு ஆத்திரமும் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நைசாக ஆரம்பிப்பார்.

“ஏனுங்க சார், காலேஜுல மண்டையோடெல்லாம் கண்ணாடி பீரோவுல வெச்சிருப்பாங்களாமே?”

“வெச்சிருப்பாங்க.”

“நீங்க கையில எடுத்துப் பாத்திருக்கீங்களா? புலியுது இருந்துச்சுங்களா? கடைவாய்ப் பல்லு எப்படி இருந்துச்சுங்க?”

என்னை மட்டம் தட்டத்தான் கேட்கிறார் என்று எனக்கு நிச்சயம். அந்த பீரோவின் கைப்பிடியில் மூன்று வருடம் குடையைத் தொங்கவிட்டிருக்கிறேன். உள்ளே என்ன இருந்தது என்று குனிந்து பார்த்ததில்லை. “அதெல்லாம் உங்களுக்குச் சொன்னாப் புரியாது மாஸ்டர்” என்று டிபன் டப்பாவை மூடிவிடுவேன். “சரிங்க சார்” என்று எழுந்து போய்விடுவார். அடுத்த வாரம் அதே கேள்வியோடு திரும்பவும் வருவார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. தொண்ணூறுகளின் ஆரம்பம். ஆபீஸுக்கு ஃபேக்ஸ் மெஷின் புதிதாக வந்து, அதன் மேல் சந்தனப் பொட்டு காயாமல் இருந்த நேரம். வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு மிருகப் படம் போட்ட டீ-சர்ட். மொத்தம் பன்னிரண்டு படம். ஒரே குடும்பத்து மிருகங்களை ஒரே பாலிதீன் பையில் போட்டு அனுப்புங்கள், குடும்பப் பெயர் அட்டையை நாங்கள் இங்கே ஒட்டிக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். எந்தக் குடும்பத்தில் எத்தனை என்று எழுதவில்லை. முதலாளி ஃபேக்ஸை என் கையில் கொடுத்தார்.

“இது சரியாப் போச்சுன்னா எக்ஸ்போர்ட் முழுசும் உங்க பொறுப்புத்தானுங்க. கப்பலைத் தவற விட்டமுன்னா பார்ட்டி போயிரும். அப்பறமேட்டுக்கு நானும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க.”

நான் படங்களை மேஜையில் பரப்பினேன். சிங்கம், புலி, சிறுத்தை, சிவிங்கிப்புலி. நாலு பூனை. பனிக்கரடி, பழுப்புக்கரடி, நம்மூர்க் கரடி, பாண்டா. நாலு கரடி. மீதி ஓநாய், நரி, செந்நாய், கழுதைப்புலி. எங்கள் ஊரில் குழந்தை ஒவ்வொன்றாகப் பிறக்கும், பனியன் டஜன் டஜனாகத்தான் பிறக்கும். பன்னிரண்டு என்றால் மூன்று குடும்பம், குடும்பத்துக்கு நாலு. கழுதைப்புலி பார்ப்பதற்கும் தெருநாய்க்கு அம்மை போட்டதுபோல இருந்தது. தூக்கி நாய்ப் பையில் போட்டேன். எவ்வளவு அழகாகப் பொருந்திவிட்டது என்று எனக்கே என் மேல் மதிப்பு வந்தது.

பேக்கிங் ஹாலில் எல்லோரையும் கூப்பிட்டு எந்தப் பையில் எது என்று விளக்கினேன். மாஸ்டர் மெதுவாக முன்னால் வந்தார்.

“சார், பாண்டா கரடிதானுங்க, மூங்கில் தின்னாலும் கரடிதான், அது சரி. கழுதைப்புலி மட்டும் நாய் இல்லீங்களே. நாய்க்குப் பல்லு நாப்பத்திரெண்டு. பூனைக்கு முப்பது. இதுக்கு முப்பத்திநாலு. காதுக்குள்ள எலும்பும் பூனைப் பக்கந்தான் சாயுது. ஆனாப் பூனையும் இல்லீங்க. அது தனிக் குடும்பம். தனிப் பையில போடோணும்.”

முப்பது ஜோடிக் கண்கள் அவரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பின. அத்தனை பேரும் அவர் சொன்னதைத்தான் நம்புகிறார்கள் என்பது பளிச்சென்று தெரிந்தது.

“ஒரு பையில ஒரே ஒரு உருப்படி போடுவாங்களா மாஸ்டர்? பாக்கிப் பையில நாலு நாலு, நாய்ப் பையில மூணா? கணக்கே உதைக்குதே.”

“மிருகம் நம்ம டஜனைப் பாத்துப் பொறக்கலீங்களே சார். ஒரு ஃபேக்ஸ் போட்டுக் கேட்டுட்டாப் போச்சுங்க.”

கேட்டால் எனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடும். அதுவும் அவர் சொல்லி நான் கேட்டதாக ஆகிவிடும்.

“மூணு வருஷம் காலேஜுல இதைத்தான் படிச்சேன். நீங்க துணி வெட்டற வேலையைப் பாருங்க!”

மாஸ்டர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. கோபம் இல்லை. சின்னக் குழந்தையின் கையில் இருந்து எதையோ பிடுங்கிவிட்டதுபோல இருந்தது. “சரிங்க சார். நீங்க படிச்சவரு” என்று சொல்லிவிட்டுக் கட்டிங் டேபிளுக்குப் போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, கப்பலுக்குச் சரக்குக் கிளம்ப ஒரு நாள் இருக்கும்போது, வாங்குகிற கம்பெனியில் இருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் சோதனைக்கு வந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, கழுத்தில் அளவு டேப். ஹால் முழுக்க அட்டைப் பெட்டிகள் அடுக்கி இருந்தன. ஒரு பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, பூனைப் பையைப் பார்த்தார். தலையை ஆட்டினார். கரடிப் பையைப் பார்த்தார், தலையை ஆட்டினார். நாய்ப் பையை எடுத்தார். தலை ஆடவில்லை.

“இது ஹயீனா. இது ஏன் இங்கே இருக்கிறது? இது நாய்க் குடும்பம் இல்லையே!” என்றார் ஆங்கிலத்தில்.

முதலாளிக்கு ஆங்கிலம் அரைகுறைதான். ஆனால் அந்தத் தொனி புரிந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை பெட்டியையும் பிரித்து, ஒவ்வொரு பையையும் கிழித்து, புதுப் பை வாங்கி, மறுபடி மடித்துப் போடுவதென்றால் நாலைந்து நாள் ஆகும். கப்பல் காத்திருக்காது.

அப்போது செல்வி அக்கா முன்னால் வந்தது. அந்த அம்மாளின் கையில் இருந்த பையை வாங்கி, மேல்மூடியை விரலால் நெம்பியது. பை திறந்துகொண்டது. மூடி ஒட்டப்படவே இல்லை, சும்மா மடித்துச் செருகியிருந்தது. உள்ளே ஓநாய், நரி, செந்நாய் மூன்றும் ஒன்றாக இருந்தன. அவற்றின் மேல் கழுதைப்புலி, தனக்கென்று ஒரு பாலிதீன் உறைக்குள் ஒய்யாரமாகப் படுத்திருந்தது. அக்கா அதை உறையோடு உருவி எடுத்துப் பக்கத்தில் வைத்தது. ஒரு பை இரண்டு பையாகிவிட்டது. எச்சில் துப்புகிற நேரம்கூட ஆகவில்லை.

அடுத்த பெட்டியைத் திறந்தார்கள். அதிலும் அப்படியே. எல்லாப் பெட்டியிலும் அப்படியே.

அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வழியில் குலுங்கிக் கெடாமல் இருக்கத்தான் இப்படி வைத்தீர்களா, கழுதைப்புலி தனிக் குடும்பம் என்று இங்கே யாருக்குத் தெரிந்திருக்கிறது, இது யாருடைய யோசனை என்று வரிசையாகக் கேட்டார்.

தூரத்தில் மாஸ்டர் கத்தரியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லியிருந்தாலும் போதும். நான் சொன்னது இதுதான்.

“நான் விலங்கியல் பட்டதாரி, மேடம்.”

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

கழுதைப்புலிகள் மறுநாள் தனிப் பையில் கப்பலுக்குப் போயின. எக்ஸ்போர்ட் மேனேஜர் என்று எனக்குக் கண்ணாடி ரூமும் அதில் ஒரு ஏர்கூலரும் வந்தன. சோதனை முடிந்த அன்று சாயங்காலம் மாஸ்டரிடம் போய் நின்றேன். சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

“நல்லதாப் போச்சுங்க சார். கப்பல் போயிருமில்ல” என்றார், சாதாரணமாக.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். திட்டாமல் இருக்க ஒரு மனிதனுக்கு எப்படி முடிகிறது என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன். அதன் பிறகு சாப்பாட்டு நேரத்தில் அவர் வந்து மண்டையோட்டைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்குக் கண்ணாடி ரூமுக்கே டிபன் வந்துவிட்டது. நானும் கட்டிங் டேபிள் பக்கம் போகவில்லை.

மூன்று வருடம் கழித்து மாஸ்டர் வேலையை விட்டார். அப்பா போனபின் காங்கேயத்தில் கிடந்த காட்டையும் நாலு மாட்டையும் பார்க்க ஆள் இல்லை. கிளம்புகிற அன்று கம்பெனியே வாசலில் நின்றது. பஸ் ஏறப் போனவரை நான் நிறுத்தினேன்.

“மாஸ்டர், என் குடும்பத்தை நீங்க கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே.”

“அது அப்பவே எழுதிட்டனுங்களே சார். கழுதைப்புலிங்க” என்றார். அவர் ஏறியதும் பஸ் நகர்ந்துவிட்டது.

அத்தனை பேர் நடுவில்! யானையும் நீர்நாயும் வௌவாலும் சுற்றி நிற்க, எனக்குக் கழுதைப்புலி! சிங்கம் அடித்ததைத் திருடித் தின்னும் என்று ஊர் சொல்லும் பிராணி. அவர் அடித்ததை நான் தின்றேன், அதைத்தான் சொல்லிக் காட்டிவிட்டுப் போனார் என்று புரிந்துகொண்டேன். பத்து வருடம் அதை மாடு மாதிரி அசை போட்டேன். காங்கேயம் பஸ் கண்ணில் படும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு நாளாவது ஏறி உட்கார்ந்து போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. ஒரு நாள் அவர் இறந்துபோன தகவல் வந்தது. அன்றைக்கும் எனக்கு ஷிப்மென்ட் இருந்தது.

அடுத்த வருடம் செல்வி அக்கா தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தது. வீட்டுக்குப் போனேன். சாமி படங்களுக்குப் பக்கத்தில், ஆணியில், ஒரு பனியன் முதுகு மாட்டியிருந்தது. பழைய பேட்டர்ன் அட்டை. பென்சில் எழுத்து மங்கி இருந்தாலும் படிக்க முடிந்தது. யானை, வௌவால், பூனை, நீர்நாய் என்று ஒவ்வொன்றுக்கும் நேராக எங்கள் ஆட்களின் பெயர்கள். கடைசி வரியில் ‘கழுதைப்புலி’ என்று இருந்தது. அதற்கு நேராக ‘ஆபீஸ் சார்’. பக்கத்திலேயே, அதே பென்சிலில், ‘நான்’.

நான் அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். செல்வி அக்கா காபியோடு வந்தது.

“ஊருக்குப் போறப்ப மாஸ்டர் எங்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. அந்த வெள்ளைக்காரம்மா வந்துட்டுப் போனாள்லா சார், அன்னைக்குப் பொழுதடைஞ்ச பொறவு எழுதுனாரு. அதுவரைக்கும் இந்த அட்டையில அவருக்கும் குடும்பம் கெடையாது, தெரியுமா? நாங் கேட்டேன். இப்படி ஒங்க யோசனையத் தூக்கித் தன் பேருல போட்டுக்கிட்டாரே, அவரப் போயி ஒங்ககூடச் சேத்துருக்கியளேன்னு.”

“என்ன சொன்னார்?”

“ ‘இந்தக் கம்பெனியில மிருகத்துக்காக வயிறு எரியறது ரெண்டே பேருதான் செல்வி. அவருக்கு என்னையப் பாத்தாப் பொறாமை. எனக்கு அவரப் பாத்தாப் பொறாமை. மூணு வருசம், புலி மண்டையோட்டைப் பக்கத்துல வெச்சுட்டுப் படிச்சிருக்காரு பாரு. இந்தக் குடும்பத்துல ஆளுக நெம்பக் கம்மி, ஒருத்தர வுட்டா இன்னொருத்தர் கெடையாது’ன்னாரு. அப்படியே அவரு சொன்னாப்லயே சொல்லுதேன் சார்.”

அந்த பீரோவின் கைப்பிடியும் அதில் தொங்கிய என் குடையும் ஞாபகத்துக்கு வந்தன. கல்லூரி எங்கள் வீட்டில் இருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிப்போய், கெஞ்சியாவது பீரோவைத் திறக்கச் சொல்லி, அந்த மண்டையோட்டை அவர் இரண்டு கையிலும் கொடுத்திருக்கலாம். மனிதர் எண்ணிக்கொண்டே இருந்திருப்பார். நானும் கூட உட்கார்ந்து எண்ணியிருப்பேன்.

அந்த அட்டையை எனக்குத் தந்துவிடும்படி அக்காவிடம் கேட்டேன். “நீங்க பட்டம் மாட்டி வச்சிருக்கியள்லா சார், எனக்கு இது கெடக்கட்டும்” என்று மறுத்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று தடவை போய்க் கேட்டுவிட்டேன். இப்போது எனக்கு உலகத்தில் வேறு யார் மீதும் பொறாமை இல்லை, செல்வி அக்கா ஒருத்தியைத் தவிர.